நாலாம் பக்கம்

மரண அறிவித்தல்களை நான் எழுத்துக் கோத்தேன்.
அதற்கு மேலே, இரண்டு பத்தி அகலத்தில்,
அமிர்தப்போடி பகிடி விட்டார்.
புளியந்தீவில், வாவிக்காற்றில் சுவர் ஊறும் அச்சகத்தில்
இருபத்திரண்டு வருடம்
ஒரே பக்கத்தில் பிழைத்தோம்.

பெயர் போடமாட்டார். மூலையில் ஒரு நண்டு.
"வாவிக்குள்ள போற ஆளை
முதல்ல விசாரிக்கிறவர் இவர்தானே."

கச்சேரியில் ஒரு எலும்புக்கூடு
தன் மரணச் சான்றிதழுக்கு நிற்கும்.
எழுதுவினைஞர் தலை நிமிர்த்தாமல் சொல்வார்:
"சம்பந்தப்பட்டவரை நேரில வரச் சொல்லுங்க."

சோதனைச் சாவடியில்
தலையைக் கக்கத்தில் இடுக்கிய ஒருவன்.
"படத்தில கழுத்து இரிக்கு. உன்னிட்டக் காணல்லையே?"

பிறகு அந்த மீன்.
ஒலிவாங்கியை நீட்டி நிருபர் கேட்கிறார்,
ஏன் இப்ப பாடுறல்ல?
மீன் சொல்கிறது:
வாய் நிறைய.

அந்த வெள்ளி இரவே வந்து ஏற்றிப் போனார்கள்.
"வாய்க்குள்ள என்ன?" என்று கேட்டார்களாம்.
"மீனிட்டத்தான் கேக்கணும்."
"ஒருத்தன் சிரிச்சிட்டான்" என்றார் திரும்பி வந்து,
"அதாலதான் கல்லடிப் பாலத்துக்கு மேலால வந்தன்.
கீழால இல்ல."

செத்தவரைக் கேலி செய்யலாமா என்று
வாசகர் கடிதங்கள் வரும். கம்பியில் குத்தி வைப்பார்.
"செத்தவன் ஒருத்தனும் இன்னும் முறைப்பாடு தரல்ல."

கிரான்குளத்திலிருந்து பஸ்ஸில் வந்தாள் தெய்வானைப்பிள்ளை.
கொட்டப்பெட்டிக்குள் வெற்றிலையோடு
மடித்த நறுக்கு ஒன்று. சங்கக்கடை வரிசைப் படம்,
மாவுக்கு நிற்கும் எலும்புக்கூடுகள்.
ஆறாவதில் விரல் வைத்தாள்.
"இது என்ட மகன், அழகரெத்தினம்.
மூட்டை தூக்கித் தூக்கி இடப்பக்கம் சாய்ஞ்சுதான் நிப்பான்.
எங்க கண்டீங்க?"

ஆறாவது சாய்ந்தது பேனை முனை வளைந்ததால்.
அந்தப் பேனையைக் கீழே போட்டவன் நான்.

அமிர்தப்போடி பகிடிக்கு வாய் திறந்தார்.
மூடினார்.
"வரிசையிலதான் கண்டன்."
"மெலிஞ்சா இருந்தான்?"
"கொஞ்சம்."

மறுகா வந்த வெள்ளி எல்லாம் அவன் வந்தான்.
மந்திரியின் மேடைக்குப் பின்னால்,
கலியாணப் பந்தலில் தண்ணீர்க் குடத்தோடு,
வெள்ளம் வந்த கிழமை ஒரு கூரையின் மேல்,
தம்பாளை விடப் பெரிதில்லை,
இடப்பக்கம் சாய்ந்தபடி.
பகிடிக்கும் அவனுக்கும் ஒரு தொடர்பும் இராது.
ஒருவரும் கேட்கவில்லை.
பஸ் நிலையத்துக் கடையில் அவள் பத்திரிகை வாங்கி
அங்கேயே நின்று தேடுவாளாம்.

சீனி வியாதி காலில் தொடங்கி அவரைத் தின்றது.
தன் அறிவித்தலைத் தானே எழுதித் தந்திருந்தார்:
கண்ணீர் வேண்டாம். வாவியில் போதிய உப்பு உண்டு.
ஒரு எழுத்தும் மாற்றாமல் கோத்தேன்.
நண்டை மட்டும் தலைகீழாய் வைத்தேன்,
செத்த நண்டு அப்படித்தான் மிதக்கும்.

பத்து வருடம் கழித்து மண்டபத்தில் படங்களை மாட்டினார்கள்.
ரிப்பன் வெட்டியவர் மீனுக்கு முன் நின்று
"நமது மண்ணின் இசை" என்றார்.
போடியார் இருந்திருந்தால் இதையே கீறியிருப்பார்
என்றார்கள் எல்லாரும்.
ஒருவரும் கீறவில்லை.

போன மாதம் தெய்வானைப்பிள்ளையின் அறிவித்தல் வந்தது.
மருமகன் எழுதியது:
அன்னார் அழகரெத்தினத்தின் பாசமிகு தாயாரும்...
"காலஞ்சென்ற எண்டு போடவா?"
தொலைபேசியில் நெடுநேரம் மூச்சு மட்டும்.
"நீங்களே பாத்துப் போடுங்க."

மைலோ டின்னுக்குள் பழைய அச்சுக்கட்டைகள் கிடக்கின்றன.
சங்கக்கடை வரிசையை எடுத்து
இரும்பு வாளால் ஆறாவதை மட்டும் அறுத்தேன்.
உலோகத்தில் அவன் வலப்பக்கம் சாய்ந்திருந்தான்.
மை தொட்டுத் தாளில் குத்தியதும்
இடப்பக்கம் திரும்பினான்.

அதை அந்தப் பெயருக்கு முன்னால் வைக்கச் சொன்னேன்.
கணினியில் இருந்த பொடியன்
பெரிதாக்கிப் பார்த்தான்.
"இது என்ன ஐயா, கறையா?"

எழுத்துத்தான், என்றேன்.
அதுக்குக் காசு போடாத.